சாம்பாருக்குக் காய்ச்சல் பார்த்தவர்

கோயமுத்தூரில் இருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் எத்தனையோ பேர் சாம்பார் வைத்திருக்கிறார்கள். ஊற்றியிருக்கிறார்கள். உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாம்பாருக்குக் காய்ச்சல் பார்த்த மனுசர் ஒருத்தர்தான். அந்த மாதிரி இன்னொருத்தர் பிறக்க மாட்டார். பிறந்தாலும் சாம்பார் தாங்காது.

அவர் பேர் எனக்குத் தெரியும். பொள்ளாச்சி ரோட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. காய்ச்சல்காரர் என்றால்தான் தெரியும். கவர்ன்மெண்டில் சாப்பாட்டு இன்ஸ்பெக்டர். மற்ற இன்ஸ்பெக்டர்கள் கடைக்குப் போய்க் கலப்படம் பிடிப்பார்கள். இவருக்குக் கடை பிடிக்காது. ரோடுதான் பிடிக்கும்.

"கடையில இருக்கற சோறு எங்கயும் போகாதுங்க. வண்டியில போற சோறுதான் ஓடும். ஓடறதைத்தான் புடிக்கோணும்" என்பார்.

அது தொண்ணூறுகள். நான் ஒரு சமையல் மாஸ்டரிடம் வேன் ஓட்டினேன். மண்டபத்துக் கல்யாணம் என்றால் மாஸ்டர் அங்கேயே போய் அடுப்பு மூட்டுவார். நிச்சயம், காதுகுத்து, புதுவீடு மாதிரி விசேசத்துக்குக் கோயமுத்தூரிலேயே ஆக்கி, அண்டாவில் ஊற்றி, வேனில் ஏற்றிவிடுவார். கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அங்கே பந்தி மேல் பந்தி நடக்கும். டிரைவருக்குக் கடைசியில். இருந்தால் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஞாபகம் வராது, அவ்வளவுதான். நானும் கேட்கிற ஆள் இல்லை.

முதல் தடவை கிணத்துக்கடவுக்கு முன்னால் பிடித்தார். வேப்பமரத்து நிழலில் ஒரு மொபட். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லி மனுசர். போலீஸ் மாதிரி கை காட்டவில்லை. விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கும்பிட்டார். நிறுத்தினேன்.

"ஏனுங்க தம்பி, சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க. உள்ள என்னங்க இருக்குது?"

"சோறுங்க. சாம்பாருங்க."

"அண்டாவுக்கு மூடி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எங்கீங்க?"

மூடி மாஸ்டர் வீட்டில் இருந்தது. அண்டா மேல் வாழை இலை இருந்தது. இலை பறக்காமல் இருக்க அதன் மேல் என் துண்டு இருந்தது. அவர் துண்டை இரண்டு விரலால் தூக்கினார். செத்த பாம்பைத் தூக்குவது மாதிரி.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க."

"தொவைச்சு எத்தனை நாளாச்சுங்க?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"பரவாயில்லீங்க. நீங்க சொல்லாட்டி சாம்பார் சொல்லிரும்."

சட்டைப் பையில் இருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். டாக்டர் வாயில் வைப்பாரே, அது மாதிரி, ஆனால் நீளம். பஞ்சால் துடைத்தார். சாம்பாரில் விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கூட வந்திருந்த மாஸ்டர் என் பக்கத்து சீட்டில் இருந்து இறங்கி வந்தார். அவர் கோபம் வந்தால் கிண்டலாகப் பேசுகிற ஆள்.

"என்ன சார், எங்க சாம்பாருக்குக் காச்சலா?"

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் வாடிப் போனது.

"காச்சல் இல்லீங்க. அதுதான் பிரச்சினை. சாம்பாருக்குக் காச்சல் இருக்கோணும்."

பேர் அன்றைக்கே விழுந்துவிட்டது.

பிறகு ரூலைச் சொன்னார். அதை அவர் சொல்லி நான் ரொம்பத் தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்.

"சூடாப் போறது சூடாவே போய்ச் சேரோணும். சில்லுனு போறது சில்லுனே போய்ச் சேரோணும். நடுவால வெதுவெதுன்னு இருக்குது பாருங்க, அங்கதான் கிருமி ஊடு கட்டிக் குடியிருக்கும். புள்ள குட்டி பெத்துக்கும்."

"அதுக்கு இப்ப என்ன சார் பண்ணச் சொல்றீங்க?"

"தப்பா நெனைச்சுக்காதீங்க. தயவுபண்ணி எல்லாத்தையும் கீழ கொட்டிருங்க. இல்லாட்டி இங்கயே கொதிக்க வெச்சுக் காமிச்சுப்போட்டுப் போங்க."

எங்கள் பக்கம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவோம். ஆனால் சாம்பாரைக் கொட்டச் சொல்வதைக் கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரி சொல்ல அவரால்தான் முடியும். மாஸ்டருக்கு அடிக்கவும் வழி இல்லை. கும்பிட்ட கையை எப்படி அடிப்பது?

ரோட்டோரம் மூன்று கல் வைத்தோம். தென்னை மட்டை பொறுக்கிப் பற்ற வைத்தோம். சாம்பார் கொதிக்கிறவரைக்கும் அவர் பக்கத்தில் நின்று காற்றுக்கு மறைப்பாகக் குடை பிடித்தார். பொள்ளாச்சி பஸ் ஒன்று மெதுவாகப் போனது. ஜன்னலில் இருந்து ஒருத்தர், "ஏனுங்க, பந்தி எப்பங்க ஆரம்பம்?" என்று கேட்டார். மாஸ்டர் குனிந்து அடுப்பை ஊதினார்.

சாம்பார் கொதித்ததும் குழாயை விட்டார். பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்ல காச்சலுங்க. போய்ட்டு வாங்க" என்றார். என் துண்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாளே மாஸ்டர் மூடி இல்லாத அண்டாவுக்கெல்லாம் மூடி வாங்கினார்.

அதற்கப்புறம் மாதத்தில் சில தடவையாவது மாட்டுவோம். ஒரு தடவை நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். கார் பத்தாமல் நாலைந்து பெண்கள் வேனில் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அதில் ஒரு அம்மா ஜிலேபிக் கூடை மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரர் கதவைத் திறந்தார்.

"அம்மணி, கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"

"நான் எதுக்கு எந்திரிக்கோணும்? நான் யாருன்னு தெரியுமுங்களா? மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை."

"இருக்கட்டுங்க. ஜிலேபிக்கு நீங்க அத்தை இல்லீங்களே."

அந்த அம்மா எழுந்தார். கூடை அப்படியே தட்டையாக இருந்தது. காய்ச்சல்காரர் அதையும் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு வண்டியில ஆள் ஏறக் கூடாதுங்க. ஆளு வண்டியில சாப்பாடு ஏறக் கூடாதுங்க" என்றார். அத்தை மிச்ச தூரம் டவுன் பஸ்ஸில் வந்தார். நிச்சயத்தில் அந்த ஜிலேபியை யாருக்கு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வரவில்லை.

இன்னொரு தடவை ஸ்டெப்னி டயரைப் பிடித்தார். அது அரிசி மூட்டை பக்கத்தில் கிடந்தது.

"டயரு மாட்டுச் சாணியில ஓடும். தாரு மேல ஓடும். அதைக் கொண்டாந்து சோத்துக்குப் பக்கத்துல படுக்க வெச்சிருக்கீங்களே தம்பி. உங்க ஊட்டுல செருப்பைச் சோத்துப் போசி மேல வெப்பீங்களா?"

"மாட்டேங்க."

"டயருங்கறது வண்டியோட செருப்புங்க."

மண்ணெண்ணெய், உரம், பூச்சி மருந்து, டயர், மனுசன். இதெல்லாம் அவர் கணக்கில் ஒரே சாதி. சோற்றோடு சேராத சாதி. இப்படியே சட்டத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. படித்தவர் சொன்னார். நான் டயரைக் கயிற்றால் கட்டி வேன் கூரை மேல் ஏற்றினேன்.

அவர் யாரிடமும் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட்டதில்லை. டீ மட்டும் குடிப்பார். அதிலும் முதலில் குழாய். கிணத்துக்கடவு டீக்கடைக்காரர், "சார், இன்னிக்கு எவ்வளவு காச்சல்? ஆஸ்பத்திரில சேர்த்திரலாமா?" என்று கேட்பார். இவர் சிரிக்க மாட்டார். "இப்போதைக்கு வேண்டாங்க" என்பார். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ரசத்தில் குழாயை விட்டவர் அவர். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் ரசம் வேண்டாம் என்று கையை இலை மேல் வைத்து மறைத்துவிட்டார்கள். அதிலிருந்து சொந்தத்தில் பத்திரிகை வந்தால், "மாமா, நீங்க வந்தாப் போதும், அதைக் கொண்டார வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம்.

இந்த மனுசர் ஒரு நாள் சாயந்தரம் என் வீட்டைத் தேடி வந்தார். நான் பயந்துவிட்டேன். வீட்டில் அப்போதுதான் குழம்பு இறக்கியிருந்தது.

"உக்காருங்க சார்."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"தம்பி, எம் பொண்ணு மாசமா இருக்கறாளுங்க. கட்டுச்சோறு கொண்டுபோகோணும். நீங்கதான் வண்டி எடுக்கோணும்."

கட்டுச்சோறு என்றால் எங்கள் பக்கம் பெரிய காரியம். மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்து வகை வகையாகச் சோறு ஆக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். தயிர்ச் சோறு, புளிச் சோறு, எள்ளுச் சோறு, தேங்காய்ச் சோறு என்று ஏழு வகை. பெற்றவள் அடுப்பில்தான் ஆக்க வேண்டும். புகுந்த வீட்டில் போய் ஆக்கினால் கேவலம். பெண் முதல் வாய் சாப்பிட வேண்டும். அதற்கு முன்னால் உறவில் ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது.

அவருக்கு ஒரே பெண். உடுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஊரில் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ரொம்ப வருசம் ஒன்றும் தங்கவில்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இப்போதுதான் தங்கியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குழாய் இருந்த பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. கோயமுத்தூரில் விடியக் கருக்கலில் கட்டுகிற சோறு உடுமலைப் பக்கம் போய்ச் சேரும்போது எப்படி இருக்கும்? வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கட்டுச்சோறு என்றாலே வெதுவெதுப்புதான். ஆயுசு முழுக்க எதைப் பிடித்துக் கீழே கொட்டச் சொன்னாரோ, அதையே கட்டிப் பெண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு.

"சார், சோறு..." என்றேன்.

"அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கறனுங்க" என்றார்.

யோசித்துத்தான் வைத்திருந்தார். முந்தின நாளே வேனை அவர் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். சுடுதண்ணி ஊற்றி உள்ளே கழுவினார். காய்ந்ததும் முட்டி போட்டு மூலை மூலையாக மோந்து பார்த்தார்.

"கடைசியா என்னங்க ஏத்துனீங்க?"

"வெங்காயமுங்க."

மறுபடி கழுவினார். பிறகு கூரை மேல் இருந்த ஸ்டெப்னியைப் பார்த்தார்.

"அதை எறக்கி வெச்சிருங்க."

"மேலதானுங்களே இருக்குது."

"மழை பேஞ்சா டயரைக் கழுவுன தண்ணி எங்கீங்க எறங்கும்?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. இறக்கினேன்.

அவர் வீட்டம்மா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத அம்மா. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் இவரே பேசிவிடுவார்.

"எம் பொண்ணு சோத்தை அந்த டயரு என்னங்க பண்ணப் போகுது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சட்டம் புள்ள" என்றார் இவர்.

அவர் ஏற்பாடு இதுதான். வெறும் சோற்றை மட்டும் ஆவி பறக்க அண்டாவில் கொட்டி, கம்பளி சுற்றி, வைக்கோல் வைத்துச் சூடாகக் கொண்டுபோவது. தயிர், புளி, எள்ளுப் பொடி, தேங்காய் எல்லாம் தனித்தனிப் போசியில், பெட்டியில் மரத்தூளுக்கு நடுவே ஐஸ் கட்டி வைத்துச் சில்லென்று கொண்டுபோவது. சூடு சூடாக, சில்லு சில்லாக. ஊருக்குப் பக்கத்தில் போய் நிறுத்திக் கலப்பது. அடுப்பு பெற்றவள் அடுப்பு. சட்டமும் போகாது. சம்பிரதாயமும் போகாது.

கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது. எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

காலையில் கிளம்பினோம். வேனில் சோறும் நானும் அவரும். பின்னால் வாடகைக் காரில் அந்த அம்மாவும் அவருடைய தங்கைகளும், பழம், வளையல், சேலையோடு. பதினொரு மணிக்குள் சோற்றை இறக்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பொள்ளாச்சி தாண்டுகிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அவர் நடுநடுவே நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கமும் குழாய் விட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் நல்ல காய்ச்சல். அந்தப் பக்கம் நல்ல குளிர். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. பாட்டுக்கூட முனகினார்.

உடுமலைக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் பஞ்சர் ஆனது.

இறங்கினேன். பார்த்தேன். ஸ்டெப்னி கோயமுத்தூரில் அவர் வீட்டு வாசலில் இருந்தது.

காரும் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கி வந்தார். டயரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். மழை வருகிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

டயரைக் கழற்றிக் கார் மேல் கட்டினேன். கார்க்காரர் பஞ்சர் கடைக்குப் போனார். புளியமரத்து நிழலில் நாங்கள் நின்றோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. கார் வந்த பிறகு ஊர்ப் பக்கத்தில் போய்க் கலந்தால் நேரம் தப்பிவிடும் என்று, அங்கேயே கலக்கச் சொன்னார் காய்ச்சல்காரர்.

பெண்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். மோதிரத்தைக் கழற்ற வைத்தார். மறுபடி கழுவ வைத்தார்.

"எங் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் கை கழுவுனதில்ல மாமா" என்றார் ஒரு கொழுந்தியா.

வேனுக்குள் வெள்ளை வேட்டி விரித்துக் கலந்தார்கள். ஆவி பறக்கிற சோற்றில் சில்லென்ற தயிர். ஆவி பறக்கிற சோற்றில் சில்லென்ற புளி. ஏழும் கலந்து முடிந்தது. நல்ல வாசம். அவர் குழாயைப் பஞ்சால் துடைத்து, தயிர்ச் சோற்றில் விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார்.

துடைத்தார். மறுபடி விட்டார். எடுத்தார். பக்கத்துப் போசிக்குப் போனார். அதற்கும் பக்கத்துப் போசிக்குப் போனார். ஏழாவது போசியில் குழாயை விட்டவர் எடுக்கவே இல்லை.

"என்னங்க?" என்றார் அந்த அம்மா.

"வெதுவெதுப்பு" என்றார்.

"எது?"

"எல்லாமே."

கொழுந்தியாதான் மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க மாமா, குளிக்கறதுக்குச் சுடுதண்ணியில பச்சத்தண்ணி வெளாவுனா வேற எப்படிங்க இருக்கும்?"

அவர் கொழுந்தியாளைப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். வேன் படியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், ரோட்டில் எல்லோரிடமும் சொல்கிற அதையே சொன்னார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. கீழ கொட்டிருங்க."

ஒருத்தரும் அசையவில்லை. அந்த அம்மா தயிர்ச் சோற்றுப் போசியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"ஊருச் சோத்தையெல்லாம் கொட்டச் சொன்னீங்க. நான் ஒரு வார்த்த கேக்கலை. இது எம் பொண்ணு சோறு. கொட்டறதுன்னா நீங்களே கொட்டுங்க. நான் பாக்கறேன்."

அவர் போசியின் விளிம்பைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். பிறகு போசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என்ன புள்ள பண்றது?" என்றார். "இத்தன வருசங் கழிச்சு வந்திருக்குது."

அந்த அம்மாவுக்கும் கண் கலங்கியது. "கொண்டுபோகாம வெறுங்கையோட போனாலும் அவதானுங்க அந்த ஊட்டுல தலகுனிஞ்சு நிக்கோணும்" என்றார்.

அவர் எழுந்தார். இரண்டு பக்கமும் நடந்தார். சட்டென்று நின்றார்.

"சாம்பிள் எடுக்கோணும்."

"சாம்பிளா?"

"யாராச்சும் சாப்பிட்டுப் பாக்கோணும். நான் சாப்பிடறேன்."

"பொண்ணு வாய் வெக்கறதுக்கு முந்தி உறவுல யாரும் வாய் வெக்கக் கூடாதுங்க. அதுவும் பெத்தவரா? சீ" என்றார் அம்மா.

"அப்ப உறவு இல்லாத ஆளு வேணும்" என்றார்.

புளியமரத்து நிழலில் உறவு இல்லாத ஆள் ஒருத்தன்தான் இருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி" என்றார். "தப்பா நெனைச்சுக்காதீங்க."

இலை போட்டார்கள். கை கழுவ அவரே தண்ணி ஊற்றினார். ஏழு வகையும் வைத்தார்கள். விசேசச் சோற்றில் நான் முதல் ஆளாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. நாலு பெண்கள் நின்று பரிமாறினார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் எதிரே குத்தவைத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளிப்புத் தட்டுதுங்களா?"

"புளிச் சோறுங்க சார்."

"தயிர்ச் சோத்தைக் கேட்டேன்."

"நல்லா இருக்குதுங்க."

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார். சாம்பிள் போதுமான அளவு இருக்க வேண்டுமாம். சாப்பிட்டேன். எள்ளுச் சோறு மட்டும் இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன். சட்டத்துக்கு உதவுகிற மாதிரி இருக்கட்டும் என்று.

முடித்துக் கை கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"வயித்துல ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"நெறைஞ்சிருக்குதுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

"ரெண்டு மணி நேரமாச்சும் பாக்கோணுங்க" என்றார். கார் அப்போதுதான் டயரோடு வந்து நின்றது.

"ரெண்டு மணி நேரம் நின்னா நல்ல நேரம் நிக்குமா?" என்றார் அந்த அம்மா. "தம்பி வண்டிய ஓட்டட்டும். நீங்க அவரையே பாத்துட்டு வாங்க. வலிச்சா சொல்லுவாரு. ஏங் கண்ணு, சொல்லுவீங்கல்ல?"

"சொல்றனுங்க" என்றேன்.

டயரை மாட்டி ஓட்டினேன். அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. சீட்டில் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கியர் மாற்றக் குனிந்தால், "என்னங்க, என்னங்க" என்பார். எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நல்ல நேரத்துக்குள் போய் இறக்கிவிட்டோம். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன நேரமாயிருச்சு?"

"டயருங்க" என்றார் காய்ச்சல்காரர்.

உள்ளே பெண்ணை மனையில் உட்கார வைத்து, வளையல் போட்டு, இலை போட்டார்கள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தெரியும். பெண்ணுக்கு அப்பா ஜாடை. ஒல்லி. வயிறு மட்டும் தெரிந்தது. முதல் வாய் தயிர்ச் சோற்றைக் கையில் எடுத்தது. எடுத்துவிட்டு நிறுத்தியது. அந்த வீட்டில் வளர்ந்த பெண் இல்லையா.

"அப்பா, சூடு பாத்தீங்களா?"

அவர் கை பைக்குப் போனது. குழாயை எடுக்கவில்லை. தலையைத் திருப்பி வாசற்படிக்கு வெளியே என்னைப் பார்த்தார். அத்தனை பேர் தலைக்கு மேலே. நான் வயிற்றில் கை வைத்து, தலையை ஆட்டினேன்.

"பாத்தாச்சு கண்ணு" என்றார். "சாப்பிடு."

சாப்பிட்டது. அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அப்புறம் எல்லோருக்கும் பந்தி. சம்பந்தியம்மா வெளியே வந்து, "தம்பி, நீங்களும் வந்து உக்காருங்க" என்றார். இந்த அதிசயமும் அன்றைக்கே நடந்தது.

"வேண்டாங்க. பசியில்லீங்க" என்றேன்.

"கோயமுத்தூர்ல இருந்து ஓட்டிட்டு வந்த டிரைவருக்குப் பசியில்லையா? இது என்னங்க சம்பந்தி கதை?"

காய்ச்சல்காரருக்குப் புரை ஏறிவிட்டது. நான் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை ஏழு வகையும் சாப்பிட்டேன். சட்டம், சம்பிரதாயம், இரண்டையும் அன்றைக்கு நான்தான் காப்பாற்றினேன். பேன்ட் பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் கேட்டார், "வயிறு எப்படிங்க இருக்குது?" கிணத்துக்கடவில் கேட்டார். அங்கே டீ குடித்தோம். டீயில் குழாயை விட மறந்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் மொபட் சத்தம்.

"தம்பி, ராத்திரி எப்படிங்க இருந்துச்சு?"

"தூங்கிப்போட்டனுங்க."

"வெளிய கிளிய போனீங்களா?"

"எப்பவும் போலத்தானுங்க."

அலையக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிரசவம்வரைக்கும் பெண் உடுமலைப் பக்கம்தான். அந்த வீட்டில் போன் இல்லை. பக்கத்துத் தோப்புக்கு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து பேசி, ஆள் விட்டுக் கூப்பிட வேண்டும். தினமும் கூப்பிட்டால் சம்பந்தி என்ன நினைப்பார்கள்? அதனால் பெண் வயிற்றுக்குப் பதிலாக என் வயிற்றை வந்து பார்த்தார். இரண்டும் ஒரே போசிச் சோறுதானே. மூன்றாம் நாள் வந்தார். நாலாம் நாளும் வந்தார். ஒரு வாரத்துக்கு மேல் எந்தச் சோறும் வயிற்றில் இருக்காது என்று எனக்கே தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? வந்துகொண்டே இருந்தார். பிரசவம் ஆகிறவரைக்கும் வந்தார். சில நாள் ஒன்றும் கேட்கமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க, வாரனுங்க" என்று போய்விடுவார்.

என் வீட்டுக்காரி, "இந்த மனுசருக்கு உங்க மேல என்ன அப்படி அக்கறை?" என்றாள்.

"நான் சாம்பிள்" என்றேன்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அன்றைக்குச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். இதோடு முடிந்தது, இனிமேல் கேட்க மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் விடவில்லை. ரோட்டில் நிறுத்துவார். கும்பிடுவார். மூடியைத் தூக்குவார். குழாயை விடுவார். சூடு பத்தவில்லை என்றால் என்னையும் கொட்டத்தான் சொல்வார், அதில் தாட்சண்யம் கிடையாது. எல்லாம் முடிந்து நான் சாவியைத் திருப்பும்போது ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "வயிறு எப்படிங்க இருக்குது?" என்பார். ரிட்டையர் ஆன பிறகும் பஸ் ஸ்டாப்பில் என் வேனைப் பார்த்தால் கையைத் தூக்குவார். அந்த ஒரு கேள்விக்காக நிறுத்துவேன். பின்னால் வருகிறவன் ஆரன் அடிப்பான். அடிக்கட்டும்.

எத்தனையோ விசேசத்துக்கு எத்தனையோ பேருக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். ருசி எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார்கள். என் வயிற்றைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இப்போது அவர் இல்லை. நானும் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்தால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது.

நல்லாத்தான் இருக்குதுங்க சார்.